ஓட்ட வேகத்தை அதிகரித்தல்: புதிதாக ஓடத் தொடங்கியோருக்கும் குடும்பத்தினருக்கும் வழிகாட்டல்

முக்கியக் குறிப்புகள்

- புதிதாக ஓடுவோரின் வேகம், பெரும்பாலும் மெதுவாகவும் தவறாமலும் ஓடுவதாலேயே கூடுகிறது. வாரத்தின் மொத்த ஓட்ட நேரத்தில் வேகமாக ஓடும் நேரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
- இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புகளும் தசைநாண்களும் பழகச் சில மாதங்கள் ஆகும். இந்தக் கால இடைவெளியில் அவசரப்படுவதாலேயே பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன.
- இதய நோய், நீரிழிவு நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளோர், வேகப் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.
- ஓடும்போது நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மயக்கம், மனக்குழப்பம் ஏற்பட்டால் உடனே நிறுத்தி 108 எண்ணை அழைக்க வேண்டும்.

இப்பக்கம் யாருக்கானது?

உடல்நலத்திற்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் ஓடத் தொடங்கி, இடையில் நிற்காமல் 20 நிமிடங்களாவது மெதுவாக ஓடக்கூடிய நிலையை அடைந்து, "இன்னும் சற்று விரைவாக ஓட இயலுமா?" என எண்ணும் பெரியவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. நாட்பட்ட நோய்க்கு மருந்து உட்கொண்டுகொண்டே ஓடுவோரும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை தனியே தரப்பட்டுள்ளன.

20 நிமிடங்கள் தொடர்ந்து ஓட இயலாதவர்கள் வேகத்தைப் பற்றி இப்போது எண்ண வேண்டியதில்லை. 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என மாறி மாறிச் செய்து, வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தாலே போதுமானது. அந்நிலையை அடைந்தபின் இப்பக்கத்திற்குத் திரும்பலாம்.

உடல்நலம் பேணுவதற்கு வேகம் கட்டாயமன்று என்பதையும் நினைவில் கொள்ளவும். பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிரமான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையாகும். மெதுவாக ஓடினாலும் இவ்வளவை நிறைவு செய்ய இயலும்.

வேகம் எவ்வாறு கூடுகிறது?

ஓடும் தசைகளுக்கு உயிர்வளி தேவை. அதனை இரத்தத்தின் வழியே இதயம் அனுப்புகிறது. வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு நாட்கள் மெதுவாக ஓடி வரும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் பெருகுகின்றன. உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றலை உருவாக்கும் திறன் தசைச் செல்களில் வளர்கிறது. இதன் பயனாக, முன்பு மூச்சிரைக்க வைத்த அதே வேகம் இப்போது எளிதாகத் தோன்றும். இதுவே வேகத்தின் அடித்தளம். இவ்வடித்தளத்தை உருவாக்க மெதுவான ஓட்டமே போதுமானது.

எலும்பு வேறு விதமாகப் பழகுகிறது. புதிய சுமை விழும்போது, எலும்பில் பழைய பகுதி முதலில் கரைக்கப்பட்டுப் பின்னரே புதிய பகுதி கட்டப்படுகிறது. இச்சுழற்சி நிறைவுற மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். இடைப்பட்ட வாரங்களில் அவ்விடம் சற்று வலுக்குறைந்தே இருக்கும். குதிகால் நாண் போன்ற தசைநாண்களும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. வேகமாக ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தரையில் மோதும் விசை கூடுகிறது.

ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், "மூச்சு வாங்கவில்லை, இனி வேகமாக ஓடலாம்" எனப் பலரும் முடிவு செய்கின்றனர். ஆனால் மூச்சு தரும் அந்த அனுமதியை எலும்பு இன்னும் தரவில்லை. முன்னங்கால் எலும்பு வலி, குதிகால் வலி, எலும்பில் நுண்விரிசல் ஆகியவை இக்காலத்திலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன. ஒரு நுண்விரிசல் ஆறு முதல் எட்டு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தக்கூடும். பொறுமையாக வேகத்தைக் கூட்டுபவரே முடிவில் விரைவாக முன்னேறுகிறார்.

வேகப் பயிற்சிக்கு முன் மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்றேனும் உங்களுக்குப் பொருந்தினால், வேகமாக ஓடத் தொடங்கும் முன் மருத்துவப் பரிசோதனை அவசியம்:

- முன்னர் மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவைச் சிகிச்சை அல்லது ஸ்டென்ட் பொருத்தும் சிகிச்சை நேர்ந்தவர்கள்
- நீரிழிவு நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
- உழைக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு அல்லது இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் ஏற்படுபவர்கள்
- நெருங்கிய இரத்த உறவினர் எவரேனும் 50 வயதுக்கு முன் திடீரென இறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்
- 40 வயதைக் கடந்தவர்களில் புகைபிடிக்கும் பழக்கம், மிகுந்த கொழுப்பு அளவு அல்லது உடல் பருமன் உள்ளவர்கள்
- கருவுற்றிருப்பவர்கள், மகப்பேறு முடிந்து மூன்று மாதங்கள் நிறைவடையாதவர்கள்

மருத்துவரிடம் செல்லும்போது, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் அண்மையில் எடுத்த இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளையும் கொண்டு செல்லவும். "நடைப்பயிற்சி செய்யலாமா?" எனக் கேட்காமல், "வாரத்தில் ஒரு நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக ஓட விரும்புகிறேன்" எனத் தெளிவாகக் கூறவும். இரண்டுக்கும் தேவைப்படும் பரிசோதனைகள் வேறாக இருக்கலாம். தேவைப்பட்டால் இசிஜி, எக்கோ அல்லது டிரெட்மில் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைப்பார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்கப்படுகின்றன.

உங்கள் தற்போதைய வேகத்தை அறிதல்

முன்னேற்றத்தை அறிய ஓர் அளவுகோல் தேவை. சமதளமான 3 கி.மீ. பாதை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். விளையாட்டு மைதானங்களின் ஓடுபாதை வழக்கமாக 400 மீட்டர் சுற்றளவு உடையது. ஏழரைச் சுற்றுகள் 3 கி.மீ. ஆகும். பத்து நிமிடங்கள் நடையும் மெல்லோட்டமுமாக உடலைச் சூடேற்றிய பின், முடிவு வரை ஒரே சீராகத் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் ஓடி, நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.

எடுத்துக்காட்டாக, 3 கி.மீ. தூரத்தை 24 நிமிடங்களில் ஓடினால் உங்கள் வேகம் ஒரு கி.மீ.க்கு 8 நிமிடம். அதனை 22 நிமிடம் 30 விநாடியில் முடிக்கும்போது ஒரு கி.மீ.க்கு ஏழரை நிமிடமாகிறது. ஒவ்வொரு கி.மீ.யிலும் அரை நிமிடம் குறைவது புதியவருக்கு நல்ல முன்னேற்றமே.

எட்டு வாரங்களுக்கு ஒரு முறை அளந்தால் போதும். அதே பாதையில், அதே வேளையில் அளக்கவும். மார்கழிக் குளிரில் எடுத்த நேரத்தைச் சித்திரை வெயிலில் எடுத்த நேரத்துடன் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல.

மெதுவான ஓட்டம்: எவ்வளவு மெதுவாக?

ஓடிக்கொண்டே உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால், அதுவே சரியான வேகம். ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். தனியே ஓடுபவர்கள் 1 முதல் 30 வரை வாய்விட்டு எண்ணிப் பார்க்கலாம். நடுவில் மூச்சுக்காக அடிக்கடி நிறுத்த நேர்ந்தால் வேகத்தைக் குறைக்கவும், தேவையெனில் நடக்கவும்.

புதியவர்களுக்கு இது நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் முழு மூச்சுடன் ஓடினால்தான் வேகம் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், நாள்தோறும் சற்று வேகமாக ஓடுபவரின் களைப்பு நீங்குவதில்லை. களைத்த கால்களால் வேகப் பயிற்சி நாளன்று உரிய வேகத்தில் ஓடவும் முடிவதில்லை. எனவே மெதுவான நாளில் மெதுவாகவே ஓட வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறை தோராயமானதே. ஒரே வயதுடைய இருவருக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கக்கூடும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு, கடுமையாக உழைத்தாலும் இதயத்துடிப்பு அதிகம் உயராது. எனவே அவர்கள் பேச்சுச் சோதனையையே அளவாகக் கொள்ள வேண்டும்.

வேகப் பயிற்சியின் மூன்று வகைகள்

1. குறும் விரைவோட்டம்: மெதுவான ஓட்டத்தின் முடிவில், 15 முதல் 20 விநாடிகள் வரை, உடலைத் தளர்வாக வைத்து, படிப்படியாக வேகத்தைக் கூட்டி ஓடி மீண்டும் குறைத்தல். முழு விசையையும் செலுத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் நடக்கவும். நான்கு முறை செய்தால் போதும். கால்கள் வேகத்திற்குப் பழக இது ஏற்ற தொடக்கமாகும்.

2. வேக விளையாட்டு: மெதுவான ஓட்டத்தின் இடையே 1 நிமிடம் விரைவாகவும் 2 நிமிடங்கள் மெதுவாகவும் மாறி மாறி ஓடுதல். 'ஃபார்ட்லெக்' எனப்படும் இம்முறை 1930களில் சுவீடனில் உருவானது. அப்பெயரின் பொருளே வேக விளையாட்டு என்பதாகும். விளக்குக் கம்பங்களையோ மரங்களையோ எல்லையாக வைத்தும் ஓடலாம்.

3. இடைவெளிப் பயிற்சி: 3 நிமிடங்கள் ஒரே சீரான விரைவில் ஓடி, 2 நிமிடங்கள் நடந்தோ மெல்லோடியோ இளைப்பாறி, மீண்டும் ஓடுதல். கடைசிச் சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிக்க வேண்டும். முதல் சுற்றிலேயே ஆற்றல் முழுவதையும் செலவிடுவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

இரண்டாம், மூன்றாம் வகைகளில் 'விரைவு' என்பது பத்தில் ஏழு பங்கு முயற்சியைக் குறிக்கும். நான்கைந்து சொற்கள் பேச இயல வேண்டும். முடிக்கும்போது "இன்னும் ஒரு சுற்று ஓடியிருக்கலாம்" என்ற உணர்வு எஞ்சியிருக்க வேண்டும்.

விரைவாக ஓடி முடித்தவுடன் சட்டெனத் தரையில் அமரவோ அசையாமல் நிற்கவோ கூடாது. கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் ஏற்படலாம். 5 முதல் 10 நிமிடங்கள் வரை நடந்து ஆற்றிக்கொள்ளவும்.

எட்டு வாரப் பயிற்சித் திட்டம்

வாரத்திற்கு மூன்று நாட்கள் ஓடவும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையில் ஒரு நாளாவது இடைவெளி விடவும். இத்திட்டத்தைத் தொடங்கும் முன் ஓடத் தொடங்கி மூன்று மாதங்களாவது ஆகியிருத்தல் நன்று.

வாரம் 1, 2: மூன்று நாட்களும் மெதுவான ஓட்டம் (25, 25, 30 நிமிடங்கள்). ஒரு நாளில் மட்டும் முடிவில் நான்கு குறும் விரைவோட்டங்கள்.

வாரம் 3: ஒரு நாள் வேக விளையாட்டு – 10 நிமிடங்கள் மெதுவாக ஓடியபின், 1 நிமிடம் விரைவு, 2 நிமிடங்கள் மெதுவு என ஆறு முறை, பின்னர் 5 நிமிடங்கள் மெதுவாக. மற்ற இரு நாட்கள் மெதுவாக 25, 35 நிமிடங்கள்.

வாரம் 4: இளைப்பாறும் வாரம். மூன்று நாட்களும் 20 முதல் 25 நிமிடங்கள் மெதுவாக மட்டும்.

வாரம் 5: மூன்றாம் வாரத்தைப் போன்றே மீண்டும் செய்யவும்.

வாரம் 6, 7: ஒரு நாள் இடைவெளிப் பயிற்சி – 10 நிமிடங்கள் மெதுவாக ஓடியபின், 3 நிமிடங்கள் விரைவு, 2 நிமிடங்கள் இளைப்பாறல். ஆறாம் வாரம் மூன்று முறையும் ஏழாம் வாரம் நான்கு முறையும் செய்து, முடிவில் 5 நிமிடங்கள் மெதுவாக ஓடவும். மற்ற இரு நாட்கள் மெதுவாக 30, 40 நிமிடங்கள்.

வாரம் 8: இரு நாட்கள் மெதுவாக 20 நிமிடங்கள். மூன்றாம் நாள், முன்பு அளந்த அதே 3 கி.மீ. பாதையில் நேரத்தை அளக்கவும்.

காய்ச்சல், பயணம், பணிச்சுமை காரணமாக ஒரு வாரம் விடுபட்டால், விடுபட்டதை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓட வேண்டாம். முந்தைய வாரத்தின் அளவிலிருந்து தொடரவும். இரு வாரங்களுக்கு மேல் விடுபட்டால் மெதுவான ஓட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கவும்.

தசை வலு, காலடி, காலணி, இடம்

வாரத்திற்கு இரு நாட்கள் 15 நிமிடங்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்யவும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், படியில் ஒரு காலால் ஏறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல் ஆகிய நான்கும் போதும். இவை கெண்டைக்கால், தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தி முழங்காலின் சுமையைக் குறைக்கின்றன.

வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகக் காலை வெகுதூரம் முன்னே வீச வேண்டாம். பாதம் உடலுக்கு மிக முன்னே ஊன்றினால் முழங்காலில் மோதல் கூடும். அடிகளைச் சற்றுச் சிறியனவாகவும் விரைவானவையாகவும் வைப்பது நலம். நிமிடத்திற்கு இத்தனை அடிகள் என அனைவருக்கும் பொதுவான எண் ஏதுமில்லை.

காலணி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அணிந்து ஓடும்போது வசதியாக இருப்பதும், கட்டைவிரலுக்கு முன் சற்று இடம் இருப்பதும் முக்கியம். பாதங்கள் வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குவது நன்று. பொதுவாக 500 முதல் 800 கி.மீ. ஓடிய பின் அடிப்பகுதி தேய்ந்துள்ளதா எனப் பார்த்து மாற்றவும்.

விரைவாக ஓடும் பயிற்சியைப் போக்குவரத்துள்ள சாலையில் செய்யக் கூடாது. பள்ளி மைதானம், பூங்கா, நடைபாதை ஆகியவையே ஏற்றவை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நீளமுள்ள நடைபாதை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நடப்பவர்களுக்கு இடையூறின்றி அங்கும் மெதுவாக ஓடலாம்.

தவறாமல் ஓடியும் வேகம் கூடவில்லையா?

எட்டு வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டால், அல்லது முன்பு எளிதாக இருந்த வேகமே கடினமானால், முயற்சி போதவில்லை எனக் கருதி மேலும் கடுமையாக ஓட வேண்டாம். உடல்நலக் காரணம் ஏதேனும் உண்டா எனப் பார்க்கவும்.

முதலில் எண்ண வேண்டியது இரத்தசோகை. உயிர்வளியைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் தசைகளுக்குப் போதிய உயிர்வளி கிடைக்காது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவான ஹீமோகுளோபின் இரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது. எளிய இரத்தப் பரிசோதனையில் இதனை அறியலாம். உரிய சிகிச்சை பெற்றபின், பயிற்சியில் எந்த மாற்றமும் செய்யாமலே வேகம் கூடுவதைக் காணலாம். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியுடன் உட்கொள்ள வேண்டாம். அவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கண்டறியப்படாத ஆஸ்துமா, போதிய உணவின்மை ஆகியவையும் காரணமாகலாம். தூக்கக் குறைவும் அவ்வாறே. நாள்தோறும் 7 மணி நேரமாவது உறங்கவும். ஓட்டப் பயிற்சியைக் கூட்டிய பின் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, அதனை இயல்பெனக் கொள்ளாமல் மருத்துவரை அணுகவும். உணவு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்நிலையில் எலும்பும் வலுவிழக்கும்.

நாட்பட்ட நோய் உள்ளோர் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு நோய்: இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வோருக்கு, ஓடும்போதும் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு தாழக்கூடும். ஓடும் முன் அளவைப் பார்க்கவும். 90 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் வாழைப்பழம் போன்ற சிற்றுணவை உண்டபின் ஓடவும். 250 மி.கி.க்கு மேல் இருந்து, உடல்நலக் குறைவும் இருந்தால் ஓட வேண்டாம். கையில் எப்போதும் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வைத்திருக்கவும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே நின்று 15 கிராம் (மூன்று தேக்கரண்டி) சர்க்கரை அல்லது குளுக்கோஸை உட்கொண்டு, 15 நிமிடங்கள் கழித்து அளவை மீண்டும் பார்க்கவும். ஓடவிருக்கும் வேளையில் தொடையில் இன்சுலின் போடுவதைத் தவிர்க்கவும். பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் ஓடக் கூடாது. ஓட்டத்திற்குப் பின் ஒவ்வொரு முறையும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர் கண் மருத்துவரின் ஒப்புதலின்றி வேகப் பயிற்சி செய்யக் கூடாது.

உயர் இரத்த அழுத்தம்: ஓய்வில் எடுத்த அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓடாமல் மருத்துவரை அணுகவும். கட்டுப்பாட்டில் உள்ளோர் மருந்தைத் தொடர்ந்துகொண்டே ஓடலாம். ஓடத் தொடங்கியதால் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. சிறுநீரை மிகுதியாகக் கழிக்கச் செய்யும் மாத்திரை உட்கொள்வோர் வெயில் காலத்தில் நீரிழப்பு குறித்துக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இதய நோய்: இதயச் சிகிச்சை பெற்றோர், சிகிச்சையளித்த மருத்துவர் வரையறுத்த அளவுக்குள் மட்டுமே ஓட வேண்டும். பலருக்கு விரைவு நடையே போதிய பயன் தரும்.

ஆஸ்துமா: மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால், ஓடுவதற்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன் இன்ஹேலரைப் பயன்படுத்தவும். உடலை நன்கு சூடேற்றிய பின்னரே விரைவோட்டத்தைத் தொடங்கவும். புகையும் தூசியும் மிகுந்த நாட்களில் தவிர்க்கவும். இன்ஹேலரை உடன் எடுத்துச் செல்லவும்.

வெயிலும் நீரும்

கடலோர மாவட்டங்களில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே கோடையில் கடிகாரத்தைப் பார்த்து ஓடாமல், உடல் உணரும் முயற்சியைப் பார்த்து ஓட வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறைக்கவும். கத்திரி வெயில் நாட்களில் காலை 6 மணிக்கு முன் முடித்துக்கொள்வதோ வேகப் பயிற்சியைத் தள்ளிவைப்பதோ நன்று.

தாகத்திற்கேற்ப நீர் அருந்தவும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதுமானது. ஒரு மணி நேரத்திற்குட்பட்ட ஓட்டத்திற்குத் தண்ணீரே போதும். மிகுதியாக வியர்த்தால் பின்னர் நீர்மோர் அருந்தலாம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளோர் உப்பு, இளநீர் குறித்து மருத்துவரைக் கேட்கவும். தாகமின்றி அளவுக்கு மீறி நீர் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து ஆபத்து நேரலாம்.

காய்ச்சல் உள்ள நாட்களிலும், அது தணிந்த சில நாட்கள் வரையிலும் ஓடக் கூடாது. சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையையும் பாதிக்கக்கூடும்.

வலியைப் புரிந்துகொள்ளுதல்

இரு கால்களிலும் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் மறையும் தசைவலி இயல்பானது. கீழ்க்காணும் வலிகள் அவ்வாறல்ல:

- எலும்பில் ஒரு விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, குறிப்பாக இரவிலும் தொடர்ந்தால் (நுண்விரிசலாக இருக்கலாம்)
- ஓட ஓடக் கூடும் வலி, அல்லது நொண்டி ஓடச் செய்யும் வலி
- காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் குத்தும் வலி, சில வாரங்கள் நீடித்தால்
- மூட்டில் வீக்கம், அல்லது மூட்டு பூட்டிக்கொள்ளுதல்
- ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வெப்பம், வலி (இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரை அணுகவும்)

வலி மாத்திரை உட்கொண்டு ஓட வேண்டாம். அது எச்சரிக்கையை மறைக்கும். மேலும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நீரிழப்பு நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

உடனே 108 எண்ணை அழைக்க வேண்டிய நிலைகள்

- நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம். அது இடது கை, தாடை, முதுகு நோக்கிப் பரவுதல்
- ஓடும்போதே மயங்கி விழுதல்
- ஓட்டத்தை நிறுத்திய பின்னும் தணியாத மூச்சுத்திணறல் அல்லது சீரற்ற படபடப்பு
- வெயிலில் ஓடியவர் குழறிப் பேசுதல், தள்ளாடுதல், வலிப்பு, நினைவிழத்தல் (வெப்பவாதமாக இருக்கலாம்)

கடும் ஓட்டத்திற்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் வெளியேறி, தசைகளில் கடும் வலியும் இருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.

பராமரிப்பாளர்களுக்கு

உங்கள் குடும்பத்தினர் ஓடச் செல்லும்போது பெயர், நோய், மருந்து, உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு அவர்களிடம் இருக்கட்டும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அறிந்துகொள்ளவும். வேகப் பயிற்சி நாளில் அவர்கள் தனியே ஓடாதிருப்பது நன்று.

ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால், 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்தவும். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். வெப்பவாதம் என ஐயுற்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், நிழலுக்குக் கொண்டுசென்று குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறவும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது.

"நேற்றைவிட மெதுவாக ஓடினாயே" போன்ற ஒப்பீடுகளைத் தவிர்க்கவும். அவை வலியை மறைத்து ஓடத் தூண்டும். "எங்கேனும் வலிக்கிறதா?" என்று கேட்பது பயனுள்ளது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடுமா?
நலமான முழங்கால் உடையவர்கள் அளவோடு ஓடுவதால் மூட்டுத் தேய்மானம் ஏற்படும் என்பதற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானமோ காயமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு ஓடவும்.

வெறும் வயிற்றில் ஓடலாமா?
அரை மணி நேர மெதுவான ஓட்டத்திற்குப் பெரும்பாலோர்க்கு இடையூறில்லை. வேகப் பயிற்சி நாளில் ஒரு மணி நேரத்திற்கு முன் சிற்றுணவு உண்பது நலம். சர்க்கரை அளவைத் தாழ்த்தும் மருந்து எடுப்போர் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது.

புரதப் பொடி, ஊக்க பானங்கள் தேவையா?
தேவையில்லை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், கீரை, சிறுதானியங்கள் அடங்கிய வீட்டுணவே போதும். காஃபின் மிகுந்த ஊக்க பானங்கள் இதயத்துடிப்பைக் கூட்டுவதால் தவிர்க்கவும்.

எட்டு வாரங்களுக்குப் பின் என்ன செய்வது?
அதே திட்டத்தை மீண்டும் ஒரு முறை செய்யவும். மெதுவான ஓட்டங்களின் நேரத்தை மட்டும் சிறிது கூட்டலாம். வலியின்றி ஓராண்டு தொடர்ந்து ஓடுபவர், எந்தத் திட்டத்தைப் பின்பற்றினாலும் முன்னேறுவார்.

உடல்நல ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் உங்களைப் பரிசோதித்து வழங்கும் அறிவுரைக்கு இவை மாற்றாகா.